புண்ணுக்குத் தோல், தோலுக்கு விலை

நீரிழிவு நோய் எட்டிப் பாராத குடும்பம் இன்று அரிதாகிவிட்டது. அந்நோய் விளைவிக்கும் கேடுகளுள் பெரிதும் அஞ்சத்தக்கது காலில் உண்டாகும் ஆறாப் புண். உணர்ச்சி மரத்துப்போன பாதத்தில் செருப்பு உராய்ந்து ஒரு கொப்புளம் எழும்புகிறது. நோயாளிக்கு வலி தெரிவதில்லை. வலி தெரியாமையால் அந்தக் காலையே ஊன்றி நடக்கிறார். வாரங்கள் கழிகின்றன. கொப்புளம் குழியாகிறது, குழியில் சீழ் வைக்கிறது, சீழ் எலும்பைத் தொடுகிறது. முடிவில் விரலையோ, பாதத்தையோ, முழங்காலுக்குக் கீழுள்ள பகுதியையோ வெட்டி அகற்றும் நிலை வருகிறது. இத்தகைய புண்ணை ஆற்றுவதற்கு மருத்துவ அறிவியல் கண்ட புதிய வழிகளுள் ஒன்று, புண்ணின்மேல் பரப்பும் திசு ஒட்டு. அதனைப் பற்றியும், அமெரிக்க நாட்டின் அரசுக் காப்பீடு அதற்குப் பணம் கொடுத்துவந்த விதத்தைப் பற்றியும் இம்மாதம் நாம் சற்றே ஆராய்வோம்.

“மருந்தைப் பற்றிச் சொன்னால் போதாதா? பணக் கணக்கு நமக்கெதற்கு?” என்று வாசகர் சிலர் கேட்கக்கூடும். மருந்துக்கு யார், எந்த அளவுகோலின்படி, எவ்வளவு கொடுக்கிறார் என்பது நோயாளியின் உடலையே தொடும் காரியம் என்பதை இக்கட்டுரை காட்டும். மேலும், நம் குடும்பங்கள் பலவற்றில் பிள்ளைகள் அந்நாட்டில் வாழ்கின்றனர். முதிய பெற்றோரும் அவர்களோடு நிலையாகத் தங்கச் செல்கின்றனர். நிரந்தரக் குடியுரிமைச் சீட்டுப் பெற்று, இடைவிடாது 5 ஆண்டுகள் அங்கு வசித்த 65 வயதினர், சந்தா செலுத்தி இக்காப்பீட்டில் சேர இடமுண்டு. ஆகவே இது முற்றிலும் அயலார் கதையன்று.

தோலுக்கு மாற்று

பிறந்த குழந்தையைத் தாயின் வயிற்றில் சூழ்ந்திருந்த பனிக்குடத்தின் சவ்வைப் புண்ணுக்குப் போர்வையாக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஸ்டெய்ஜ் டேவிஸ், 1910ஆம் ஆண்டிலேயே அச்சவ்வைத் தோல் ஒட்டுக்குப் பயன்படுத்திய செய்தியை வெளியிட்டார். இன்று விற்பனையாகும் ஒட்டுகளுள் மிகப் பல அச்சவ்விலிருந்தே செய்யப்படுகின்றன. அறுவை முறையில் மகப்பேறு நடக்கும்போது, நஞ்சுக்கொடியையும் சவ்வையும் தாய் நன்கொடையாக அளிக்கிறார். அதைத் தூய்மை செய்து, உலர்த்தி, மெல்லிய ஏடுகளாக்கி உறையிலிட்டு விற்கின்றனர்.

வேறொரு வகை, ஆய்வுக்கூடத்தில் வளர்க்கப்படுவது. மனித உயிரணுக்களையும் மாட்டின் கொலாஜனையும் கொண்டு இரண்டு அடுக்காக வளர்த்த ‘ஆப்ளிகிராஃப்’ என்னும் தோலுக்கு, அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகம் 1998இல் நாளக் கோளாற்றால் வரும் கால்புண்ணுக்கும், 2000இல் நீரிழிவுப் பாதப் புண்ணுக்கும் அனுமதி வழங்கியது. அவ்வனுமதிக்கு முன்னர், அது பயன் தருகிறதா என்பது நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டது.

பனிக்குடச் சவ்வுக்குச் சட்டம் வகுத்த பாதை வேறு. திசுவைப் பெரிதும் மாற்றாமல், அது இயற்கையில் செய்யும் பணிக்கே பயன்படுத்தினால், முன்னனுமதி தேவையில்லை. நிறுவனத்தைப் பதிவு செய்துகொண்டு, தொற்றுநோய் பரவாமல் காக்கும் விதிகளைக் கடைப்பிடித்தால் போதும். புண்ணை ஆற்றுகிறதா என்று மெய்ப்பித்துக் காட்டும் கடமை விற்பனைக்கு முன் இல்லை. இந்த வேறுபாட்டை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம்.

காப்பீட்டின் கணக்கு

முதியோருக்கான ‘மெடிகேர்’ என்னும் காப்பீட்டுச் சட்டத்தில் அதிபர் லிண்டன் ஜான்சன் 1965 ஜூலை 30ஆம் நாள் கையொப்பமிட்டார். முன்னாள் அதிபர் ஹாரி ட்ரூமனின் ஊரான இண்டிபென்டன்சில், அவர் முன்னிலையிலேயே அது நிகழ்ந்தது. இக்காப்பீட்டின் ‘பி’ பகுதி மருத்துவரின் கட்டணத்துக்கும், அவர் தம் கையால் இடும் மருந்துக்கும் பணம் தருகிறது. 2026ஆம் ஆண்டில் இதற்கு மாதச் சந்தா 202 டாலர் 90 சென்ட். ஆண்டின் முதற்செலவில் 283 டாலரை நோயாளியே ஏற்கவேண்டும். அதன்பின் வரும் ஒவ்வொரு பில்லிலும் அரசு 80 விழுக்காடு கொடுக்கும். எஞ்சிய 20 விழுக்காடு நோயாளியின் பங்கு. துணைக் காப்பீடு வைத்திருப்போருக்கு அப்பங்கை அது ஏற்கும்; இல்லாதோர் தம் பையிலிருந்தே கொடுக்கவேண்டும்.

திசு ஒட்டுகளுக்கு, மருத்துவரின் சொந்த இடத்திலும் நோயாளியின் இல்லத்திலும், 2025ஆம் ஆண்டு முடியும்வரை மருந்துக்குரிய விலைவிதியே பொருந்தியது. சந்தையில் அது விற்கும் சராசரி விலை எதுவோ, அதற்கு மேல் 6 விழுக்காடு சேர்த்துக் கொடுப்பதே அவ்விதி. 2003ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்த இவ்விதி கேட்பதற்கு நியாயமாகவே தோன்றுகிறது. ஆனால் அதனுள் மூன்று ஓட்டைகள் இருந்தன.

முதலாவது, 6 விழுக்காடு என்பது விலையோடு சேர்ந்து வளர்வது. 100 டாலர்ப் பொருளுக்கு 6 டாலர். 1,000 டாலர்ப் பொருளுக்கு 60 டாலர். மலிவான பொருளைத் தேர்ந்தவருக்கு ஆதாயம் குறைவு. விலை மிக்கதைத் தேர்ந்தவருக்கு ஆதாயம் மிகுதி.

இரண்டாவது, புதிய பொருளுக்குச் சராசரி விலை உடனே கிடைப்பதில்லை. சில காலாண்டுகள் கடந்த பின்னரே கணக்கு அரசுக்கு எட்டும். அதுவரை நிறுவனம் அறிவித்த பட்டியல் விலையையோ, மருத்துவர் காட்டும் கொள்முதல் சீட்டையோ ஆதாரமாகக் கொண்டனர். நிறுவனம் பட்டியலில் உயர்ந்த விலை குறித்துவிட்டு, வாங்கும் மருத்துவருக்குத் தள்ளுபடி தரும். அவரோ முழு விலைக்குப் பில் எழுதுவார். இடையிலுள்ள தொகை அவருக்கு எஞ்சும். உண்மை விலை வெளிப்பட்டு அரசு தரும் தொகை சரியத் தொடங்கும்போது, அதே சவ்வு வேறு பெயரில், முன்னிலும் கூடிய விலையில் சந்தைக்கு வரும்.

மூன்றாவது, பில் சதுர சென்டிமீட்டர்க் கணக்கில் எழுதப்பட்டது. ஏடு எவ்வளவு பெரிதோ, தொகையும் அவ்வளவு பெரிது.

மருத்துவமனைகளின் புறநோயாளர் பிரிவிலோ நிலை வேறு. 2014ஆம் ஆண்டிலிருந்தே அங்கு ஒட்டின் விலையும் ஒட்டும் வேலையின் கட்டணமும் ஒரே தொகையாகக் கட்டப்பட்டுவிட்டன. விலை மிக்கதை ஒட்டினால் இலாபம் பெருகும் என்பது அங்கு நடவாது. வெள்ளம் எந்த மடை திறந்திருந்ததோ அந்த மடை வழியே பாய்ந்தது. 2019இல் 25 கோடி டாலரை ஒட்டியிருந்த ‘பி’ பகுதியின் ஒட்டுச் செலவு, 2024இல் 1,000 கோடி டாலரைத் தாண்டியது. ஏறத்தாழ 40 மடங்கு! அதே காலத்தில் ஒட்டுப் பெற்ற நோயாளரின் தொகை இருமடங்களவே ஆயிற்று என அரசே அறிவித்தது. சில ஏடுகளின் விலை சதுர சென்டிமீட்டருக்கு 2,000 டாலரையும் கடந்தது. பெருவிரல் நகத்தளவு சவ்வுக்கு அவ்வளவு தொகை!

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாதத்தில் 4 சதுர சென்டிமீட்டர்ப் புண் இருக்கிறது. அதன்மேல் 16 சதுர சென்டிமீட்டர் ஏடு ஒன்று இடப்படுகிறது. விலை சதுர சென்டிமீட்டருக்கு 1,000 டாலர் என வைத்துக்கொள்வோம். ஒரு முறைக்கு 16,000 டாலர். வாரம் ஒரு முறையாகப் பத்து வாரம் ஒட்டினால் 1,60,000 டாலர். அதில் நோயாளியின் 20 விழுக்காடு 32,000 டாலர். புண் ஆறிற்றோ இல்லையோ, கடன் நிச்சயம்.

அரிசோனாவில் நடந்தது

ஓட்டை இருக்கும் இடத்தில் எலி நுழைவது வியப்பன்று. அரிசோனா மாநிலத்தில் காயத்துக்கான ஒட்டு வணிகம் நடத்திய கணவன் மனைவி இருவர், 120 கோடி டாலருக்குப் பொய்க் கணக்கு அனுப்பிய வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டதை 2025 ஜனவரியில் அந்நாட்டு நீதித்துறை அறிவித்தது. 2022 நவம்பர் முதல் 2024 மே வரையிலான காலத்திலேயே இவ்வளவும் நடந்தது. 60 கோடி டாலருக்கு மேல் அவர்கள் கணக்குகளுக்குப் பணம் வழங்கப்பட்டுவிட்டது.

பணத்தைக் காட்டிலும் நம் நெஞ்சைத் தைப்பது, அவர்கள் கையாண்ட வழி. மருத்துவப் பயிற்சி இல்லாத விற்பனையாளர்கள் முதியோரைத் தேடிச் சென்றனர். இறுதிக் காலப் பராமரிப்பில் இருந்தோரும் அவர்களுள் அடங்குவர். 4 சென்டிமீட்டர் நீளமும் 4 சென்டிமீட்டர் அகலமும் கொண்டதற்குக் குறைந்த ஏடு கேட்கலாகாது என்று அவர்களுக்குக் கட்டளை இருந்தது. நோயாளியை வழக்கமாகப் பார்த்துவந்த மருத்துவரைக் கலக்காமலும், தொற்றுக்குத் தக்க சிகிச்சை செய்யாமலும், ஒட்டே தேவைப்படாத மேலோட்டமான புண்களின்மீதும், புண்ணின் எல்லையைக் கடந்து வெகுதூரமும் சவ்வு ஒட்டப்பட்டது. சாகும் தறுவாயில் அமைதியாகக் கிடக்கவேண்டிய ஒரு மூதாட்டியின் உடல், கணக்கெழுதும் பலகையாக ஆக்கப்பட்டது.

அச்சவ்வு எங்கிருந்து வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கவேண்டும். முன்பின் அறியாத ஒரு தாய், தன் மகப்பேற்று நாளில், யாரோ ஒருவரின் புண் ஆறட்டும் என்று விலை பெறாது தந்த கொடை அது. உடலின் பகுதியை வாணிபப் பண்டமாக்குவது தகாது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் உறுப்பு மாற்று மருத்துவர்களின் பேரவையில் வற்புறுத்தினார். தூய்மை செய்வதற்கும் பாதுகாப்பதற்கும் நியாயமான கூலி வாங்குவதை எவரும் குறை கூறார். நன்கொடைக்கும் விலைச்சீட்டுக்கும் நடுவே இத்துணை பெரிய பள்ளம் விழுந்ததைத்தான் நாம் குறிப்பிடுகிறோம்.

இழந்தவர் யார்?

“அரசின் பணம்தானே!” என்று சொல்வது எளிது. ஆனால் ‘பி’ பகுதியின் செலவு ஏறினால், அதில் சேர்ந்துள்ள ஒவ்வொரு முதியவரின் சந்தாவும் ஏறும். விலைவிதியை மாற்றியிராவிட்டால் 2026ஆம் ஆண்டுச் சந்தா மாதத்துக்கு ஏறத்தாழ 11 டாலர் கூடியிருக்கும் என்று அரசே கூறியது. ஆயுளில் ஒருநாளும் கால்புண் காணாத ஏழை மூதாட்டியும் அந்தப் பதினொரு டாலரைக் கொடுத்திருப்பார்.

இழந்தவர் இன்னொருவரும் உண்டு. அவர் உண்மையாகவே ஒட்டுத் தேவைப்படும் நோயாளி. கள்ளர் மிகுந்த ஊரில் நல்லவர் வீட்டுக் கதவையும் காவலர் தட்டுவர். 2026 ஜனவரி முதல் அரிசோனா, டெக்சாஸ், ஒஹாயோ, ஓக்லஹோமா, நியூ ஜெர்சி, வாஷிங்டன் ஆகிய 6 மாநிலங்களில், ஒட்டு உள்ளிட்ட சில சிகிச்சைகளுக்கு முன்கூட்டியே காப்பீட்டின் ஒப்புதலைக் கேட்கும் சோதனைத் திட்டம் தொடங்கியுள்ளது. முறைகேட்டைத் தடுக்க இது உதவலாம். ஆயினும் புண் காத்திருப்பதில்லை. ஒப்புதல் தாமதித்தால் அதன் விலையை நோயாளியின் கால்தான் கொடுக்கவேண்டும்.

விலைவிதியும் 2026 ஜனவரி 1 முதல் மாறிவிட்டது. பெரும்பாலான ஒட்டுகளை இனி மருந்தாகக் கருதாமல், சிகிச்சைக்கு உதவும் பொருளாகக் கருதி, மருத்துவரின் இடத்திலும் மருத்துவமனைப் புறநோயாளர் பிரிவிலும் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 127 டாலர் என்னும் ஒரே தொகை கொடுக்கப்படுகிறது. செலவில் 90 விழுக்காடு அளவுக்குக் குறையும் என்பது அரசின் மதிப்பீடு. நாம் மேலே போட்ட கணக்கு 1,60,000 டாலரிலிருந்து 20,320 டாலராக இறங்கும். நோயாளியின் பங்கு 32,000 டாலரிலிருந்து 4,064 டாலராகும். புண்ணுக்கேற்ற சிறிய ஏட்டை இட்டால் இன்னும் குறையும்.

இதிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. ஆண்டுக்கணக்கில் சோதித்து அனுமதி பெற்ற தோலுக்கும், சோதனை எதுவும் காணாத சவ்வுக்கும் இப்போது ஒரே விலை. உழைத்தவனுக்கும் உழையாதவனுக்கும் ஒரே கூலி என்றால் உழைப்பு நிற்குமா? வரும் ஆண்டுகளில் அனுமதியின் தன்மைக்கேற்ப வேறு வேறு தொகை வைக்க எண்ணுவதாக அரசு கூறியுள்ளது. அது விரைவில் நடப்பதே நல்லது.

வேலூரில் கற்ற பாடம்

பாதப் புண்ணை ஆற்றும் வழிகளுள் மிகவும் மெய்ப்பிக்கப்பட்ட ஒன்று, மிக மலிவானதும் ஆகும். அது காலோடு படியும் மாவுக்கட்டு. 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்த டாக்டர் பால் பிராண்ட், தொழுநோயாளரின் பாதங்களில் வரும் புண், நோய்க்கிருமி தின்பதால் வருவதன்று. உணர்ச்சியற்ற காலை ஓயாமல் ஊன்றுவதால் வருவது என்பதைக் கண்டு விளக்கினார். உடல் எடை புண்ணின்மேல் விழாதவாறு மாவுக்கட்டுப் போட்டால் அது தானே ஆறுவதைக் காட்டினார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்திலுள்ள கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குச் சென்றபோது, அந்த அறிவும் அவரோடு சென்றது. நீரிழிவு நோயாளரின் பாதத்துக்கும் அதுவே பொருந்தும் என்பது அங்கே தெளிவாயிற்று. நம் மண்ணில் ஏழைத் தொழுநோயாளரின் பாதங்களில் கற்ற பாடம் அது.

ஒட்டு வீண் என்று நாம் சொல்லவில்லை. செத்த சதையை அகற்றி, தொற்றை அடக்கி, இரத்த ஓட்டத்தைச் சோதித்து, சர்க்கரையைக் கட்டுப்படுத்தி, காலுக்கு ஓய்வும் தந்த பின்னும் ஆறாத புண்ணுக்கு அது நல்ல துணை. இவற்றில் ஒன்றையும் செய்யாமல் சவ்வை மட்டும் பரப்புவது, கூரை ஒழுகும்போது தரையைத் துடைத்துக்கொண்டிருப்பது போலாகும்.

குடும்பத்தார் செய்யவேண்டியவை

அந்நாட்டில் வாழும் உற்றாருக்கு இவ்விதழைப் படிப்போர் சொல்லத்தக்க சில அறிவுரைகளைத் தொகுத்துத் தருகிறோம்.

ஒட்டு வேண்டும் என்று மருத்துவர் சொன்னால், அதற்குமுன் என்னென்ன சிகிச்சை செய்யப்பட்டது என்று பணிவோடு கேளுங்கள். 4 வாரம் முறையான சிகிச்சை பெற்றும் பாதியளவு சுருங்காத புண், வேறு உதவி தேடும் புண் என்பது மருத்துவர்கள் கொண்டுள்ள அடையாளம். புண்ணின் நீள அகலத்தை ஒவ்வொரு வாரமும் தேதியோடு குறித்து வையுங்கள். இயலுமானால் நிழற்படமும் எடுத்து வையுங்கள்.

ஏட்டின் அளவு என்ன, எத்தனை முறை இடுவார்கள், உங்கள் 20 விழுக்காடு எவ்வளவு என்பவற்றை முன்னரே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். காப்பீடு மறுக்கக்கூடும் என்று மருத்துவர் கருதினால், அதை முன்கூட்டி எழுத்தில் தெரிவிக்கும் அறிவிப்புத் தாளை உங்களிடம் தரவேண்டும். அதைப் படிக்காமல் கையொப்பமிட வேண்டாம். கையொப்பமிட்டால் செலவு உங்கள் தலையில் விழலாம்.

உங்கள் பங்கை வாங்கவே மாட்டோம், எல்லாம் இலவசம் என்று அழைக்காமலே வீடு தேடி வருவோரிடம் எச்சரிக்கையாக இருங்கள். நோயாளியின் பங்கை வழக்கமாகத் தள்ளுபடி செய்வது அந்நாட்டுச் சட்டத்துக்கு முரணாகக்கூடியது. காப்பீட்டு எண்ணை அத்தகையோரிடம் கொடுக்கலாகாது.

காப்பீட்டிலிருந்து வரும் கணக்கறிக்கையைக் குப்பையில் எறியாதீர்கள். அதிலுள்ள தேதியில் மருத்துவர் உண்மையிலேயே வந்தாரா, எழுதிய அளவும் இட்ட அளவும் ஒன்றா என்று ஒத்துப் பாருங்கள். ஐயம் தோன்றினால் ‘சீனியர் மெடிகேர் பட்ரோல்’ என்னும் அமைப்பினர் கட்டணமின்றி உதவுவர். நியாயமான சிகிச்சைக்குப் பணம் மறுக்கப்பட்டால் 120 நாட்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு 5 படிகள் உண்டு. முதல் மறுப்பைக் கண்டு மனம் தளரவேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் மாலையில் பெற்றோரின் பாதங்களை விளக்கின் ஒளியில் தூக்கிப் பாருங்கள். விரலிடுக்கில் வெடிப்பு இருக்கிறதா, குதிகாலில் சிவப்பு இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அவர்களுக்கு உணர்ச்சி மரத்திருக்கலாம். உங்கள் விரல்களுக்கு இல்லை. அன்றாடம் பார்க்கப்படும் பாதத்தில் புண் கொப்புளமாக இருக்கும்போதே அகப்பட்டுவிடும். அதற்குப் பில் எழுதுவார் எவருமில்லை.